மூன்று பேர் மாநிலம்

எங்கள் மாநிலத்தின் மக்கள்தொகை மூன்று. நான், என் மனைவி, அவள் தம்பி. கடலுக்கு நடுவே ஒரு பாறை, அதன்மேல் ஒரு கலங்கரை விளக்கம், அதைப் பார்த்துக்கொள்ள நாங்கள். எல்லை வரைந்த புண்ணியவான் எங்களை எந்த மாநிலத்தோடும் சேர்க்க மறந்துபோனான். மறந்ததை ஒப்புக்கொள்ள மானம் இடம் கொடுக்காமல், தனி மாநிலம் என்று எழுதித் தள்ளிவிட்டான்.

புதிய அரசை எப்படி அமைப்பது என்று பேச எல்லா மாநிலங்களையும் தலைநகருக்கு அழைத்தார்கள். நான் போனேன். மண்டபத்தில் என் பக்கத்து நாற்காலியில் மூன்று கோடிப் பேர் சார்பாக ஓர் ஆலைக்காரர்.

"ஆள் கணக்குப்படிதான் சபையில இடம் கொடுக்கணும். மூணு பேருக்கு எதுக்குய்யா இடம்? எங்க ஊர் பஸ்ல படியில தொங்குறவங்களே அதைவிட அதிகம்."

எனக்குச் சுருக்கென்றது. "தொங்குறவங்களும் மனுஷங்கதானே? நீங்க சொல்றதுதான் சட்டம்னா நாங்க எதுக்கு வரணும், கைதட்டவா?"

நாற்பது நாள் தொண்டை கிழியக் கத்தினேன். பெரிதோ சிறிதோ, மாநிலத்துக்கு இரண்டு இடம் என்று முடிவானது. ஆலைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார்: உறுப்பினர்கள் ஐந்து வருடமும் தலைநகரிலேயே குடியிருக்க வேண்டும். ஜெயித்த மிதப்பில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். நானும் மச்சானும் உறுப்பினர்கள் ஆனோம்.

மனைவியை அழைத்துவரலாம் என்றால் சபைக் குமாஸ்தா தடுத்தார். "அவங்களும் வந்துட்டா அங்க மக்களே இல்லை. மக்கள் இல்லாட்டி மாநிலம் இல்லை. மாநிலம் இல்லாட்டி நீங்க யாரு சார்?"

நான் யார்? வடிகட்டிய முட்டாள். வாடகை அறையில் மச்சான் சமைத்ததைத் தின்றுகொண்டு ஏழு மாதம் கிடந்தேன்.

அப்போதுதான் மனைவியிடமிருந்து கடிதம் வந்தது.

"மக்களாகிய நான் நல்லா இல்லை. தினம் நூத்தி எண்பது படி ஏறி இறங்கி முழங்கால் போச்சு. பேச ஆளில்லாம கண்ணாடியோட சண்டை போடுறேன். நீங்க அனுப்பின சட்டப் புத்தகத்தைப் படிச்சேன். ஒரு மாநிலத்து மக்கள் அத்தனை பேரும் ஒருமனதா கேட்டா உறுப்பினரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கலாமாம். நேத்து கூட்டம் போட்டு ரகசிய ஓட்டெடுப்பு நடத்தினேன். எதிர்ப்பே இல்லை. கிளம்பி வாங்க. தம்பி அங்கேயே இருக்கட்டும்."

குமாஸ்தா அதை மூன்று முறை படித்தார். "நாட்டுலேயே இந்தச் சட்டப் பிரிவு செல்லுபடியாகுற ஒரே மாநிலம் உங்களோடதுதான்," என்று பெருமூச்சு விட்டு முத்திரை குத்தினார்.

பெட்டியோடு வாசலில் நின்றபோது ஆலைக்காரர் எதிரே வந்தார். வாயெல்லாம் பல். "என்னய்யா, இருக்கிற ஒரே ஜனமும் உம்மைத் துரத்திருச்சா?"

"துரத்தலைங்க. வீட்டுக்கு வான்னு கூப்பிட்டிருக்கு. உங்க மூணு கோடிப் பேர்ல ஒருத்தராவது உங்களைக் கூப்பிட்டாங்களா?"

அவர் பல்லெல்லாம் உள்ளே போயிற்று. பிறகு குனிந்து என் பெட்டியின் மறுபக்கத்துப் பிடியைப் பிடித்துக்கொண்டு, "படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.