பதினோரு கிலோ

விமானக் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை ஹாலாஸ்ய குருக்கள் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பிரித்தாலும் அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டு வருஷத்தில் இதற்கு முன் இப்படி ஏழு உறைகள் வந்திருந்தன. ஒவ்வொன்றையும் மேலவெளி வீதியில் ஒரு லாட்ஜின் மாடியிலிருந்த டிராவல்ஸ் ஆபீசுக்குக் கொண்டுபோய் வெங்கட்ரமணனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். அவருக்கு மொரீஷியஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவன் அவன்தான்.

"வெயில் தாழப் போனா என்ன?" என்றாள் நாகலக்ஷ்மி.

"தாழ்ந்தப்புறம் போனா அவன் ஆபீசைப் பூட்டிடுவான்."

அவள் குடையை எடுத்துக் கொடுத்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துவிட்டது என்று குருக்கள் நினைத்துக்கொண்டார். சிம்மக்கல்லிலிருந்து நடந்தார். ஆனி மாதக் காற்று தெருப்புழுதியையெல்லாம் வாரிக் கண்ணில் போட்டது.

அவர் கேட்பது ஒரே ஒரு பொருளைத்தான். எலுமிச்சம்பழ அளவில், நர்மதை ஆற்றுக் கல்லான ஒரு பாணலிங்கம். இருபத்துநாலு வயதில் ஆசார்யாபிஷேகம் ஆனபோது குருநாதர் அவர் கையில் வைத்துக் கொடுத்தது. உயிர் உள்ளவரை இதைப் பூஜிக்காமல் அன்னம் தொடமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்ன வார்த்தையை முப்பத்தொரு வருஷம் காப்பாற்றினார். காய்ச்சலில் கிடந்தபோதும், மகன் சிவசங்கரனின் கல்யாண அமளியிலும் தவறியதில்லை. மொரீஷியஸில் ஒரு கோயிலுக்குக் கும்பாபிஷேகம் பண்ணிவைக்கக் கூப்பிட்டார்கள். போனார், பண்ணிவைத்தார், திரும்பி வந்து பம்பாயில் இறங்கினார். அவர் இறங்கினார், பெட்டி இறங்கவில்லை.

அன்றிலிருந்து விடிகாலையில் வைகைக்குப் போய் ஒரு கை மணல் எடுத்து வருவார். அதைப் பிசைந்து லிங்கமாகப் பிடித்துப் பூஜை செய்து, முடிந்ததும் தண்ணீரில் கரைப்பார். சாஸ்திரம் இதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் இது வழியில் தங்கும் சத்திரம் மாதிரி. இரண்டு வருஷம் ஒருவன் சத்திரத்தில் தங்க முடியுமா? பூஜை முறைகளைச் சொல்லும் பத்ததியில் இன்னொரு விதியும் இருக்கிறது. லிங்கம் போய்விட்டது என்று நிச்சயமானால் அகோர மந்திரம் லட்சம் தடவை ஜபித்துவிட்டு வேறு லிங்கம் எடுத்துக்கொள்ளலாம். நிச்சயமானால். அந்த ஒரு சொல்லின் முன்னால்தான் அவர் நின்றுகொண்டிருந்தார். தேடிக்கொண்டிருக்கிறார்களே, எப்படி நிச்சயம் ஆகும்?

மாடி ஏறியபோது ஆபீசில் வெங்கட்ரமணனுக்கு எதிரே ஒருவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். கையில் பெரிய வெளிநாட்டுக் கடிகாரம், காலில் ரப்பர் செருப்பு. குருக்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்தினான்.

"வாங்கோ மாமா. ஒரு நிமிஷம், இவனை அனுப்பிடறேன்" என்றான் வெங்கட்ரமணன். "விருமாண்டி, கருமாத்தூர்ப் பக்கம். தோஹாவில சென்ட்ரிங் வேலை. இவன் பெட்டியும் வரல்லே."

"சாமிக்கும் பொட்டிதானா?" என்றான் விருமாண்டி. "எம்புட்டுக் கிலோ சாமி?"

"பதினொண்ணு."

"எனக்கு இருபத்தி மூணு. கிலோவுக்கு இருபது டாலருன்னு ஒரே போடா போட்டுட்டான். உள்ள என்ன இருந்துச்சுன்னு ஒரு பய கேக்கல. டேப் ரெக்கார்டரைப் பூவாட்டம் செஞ்சு வச்சிருக்கான் சப்பான்காரன். மொதல்லயே இந்தக் கணக்குத் தெரிஞ்சா ரெண்டு ஆட்டுக்கல்லைப் போட்டுத் தூக்கியாந்திருப்பேன்."

"ஆட்டுக்கல்லோட வந்தா உன்னை ஏணியிலேயே ஏத்தியிருக்க மாட்டான்" என்றான் வெங்கட்ரமணன். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கையெழுத்துப் போடு."

"உங்க பொட்டியில என்ன சாமி இருந்துச்சு?"

"கல்லுதான்" என்றார் குருக்கள்.

விருமாண்டி சிரித்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். வெங்கட்ரமணன் தாழ்ந்த குரலில், "அவர் பூஜை பண்ற லிங்கம்" என்றான்.

விருமாண்டி பேனாவைக் கீழே வைத்தான்.

"எங்க குலசாமிக்கும் பொட்டிதான் சாமி" என்றான். "செல இல்ல, ஒண்ணும் இல்ல. பொட்டிக்குள்ளதான் எல்லாம். சிவராத்திரிக்கு மட்டும் வெளிய எடுப்போம். எங்க பெரியப்பாதான் பூசாரி. தலையில ஏத்துனா கோயில்ல போயி எறக்குற வரைக்கும் கையை எடுக்க மாட்டாரு. நீங்க எப்படி சாமி அதைத் தூக்கி அவன் பெல்ட்டுல போட்டீக?"

குத்திக் காட்டவேண்டும் என்று அவன் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இந்த இரண்டு வருஷத்தில் இதை யாருமே கேட்டதில்லை. நாகலக்ஷ்மி கேட்கவில்லை, சிவசங்கரன் கேட்கவில்லை, கோயிலுக்கு வருகிறவர்கள் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று அவர் பயந்துகொண்டே இருந்ததுதான் மிச்சம்.

குருக்கள் கையிலிருந்த குடையைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

"போறச்சே கையிலதான் கொண்டுபோனேன்" என்றார். "பம்பாயில ஒரு போலீஸ்காரன் பையைச் சோதிச்சான். சம்புடத்தைத் திறந்து, பட்டுத்துணியை விலக்கி, லிங்கத்தைக் கையில எடுத்து இப்படி உருட்டிப் பார்த்தான். வாயில புகையிலை. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. மொரீஷியஸ் போய்ச் சேர்ந்து மூணு நாள் பிராயச்சித்தம் பண்ணினேன். திரும்பறச்சே மறுபடியும் ஒருத்தன் தொட்டுடப்படாதேன்னு பெட்டியில வெச்சுப் பூட்டிக் கொடுத்தேன். விலையுள்ள சாமான் ஏதாவது இருக்கான்னு கவுண்டர்ல கேட்டா. பூஜை சாமான்தான்னேன். அதுக்கு நான் என்ன விலை சொல்றது?"

"ஒரு கைதானே சாமி" என்றான் விருமாண்டி. "கழுவியிருக்கலாம்."

வெங்கட்ரமணன் அவனை முறைத்தான். குருக்களுக்குக் கோபம் வரவில்லை. இதையேதான் அவரும் ஒவ்வொரு நாளும் மணலைப் பிசையும்போது தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்தவன் வாயிலிருந்து வரும்போது அது அவ்வளவு கடுமையாக இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"கடுதாசியைப் படி" என்றார்.

வெங்கட்ரமணன் உறையைக் கிழித்துப் படித்தான். படித்துவிட்டு மேஜைமேல் விரித்து வைத்தான்.

"வர்ற பதினாலாம் தேதியோட ரெண்டு வருஷம் முடியறது மாமா. அதுக்கப்புறம் கோர்ட்டுக்குப் போற உரிமை போயிடும், சட்டத்துல அப்படித்தான் இருக்கு. அதுக்குள்ள இதுல கையெழுத்துப் போட்டு அனுப்பினா பதினோரு கிலோவுக்கு உண்டானது வரும். ஆயிரத்து எண்ணூத்துச் சொச்சம் ரூபா."

"போட்டா?"

"ஃபைலை மூடிடுவா. இனிமே எந்தப் பாத்யதையும் கொண்டாட மாட்டேன்னு இதுல எழுதியிருக்கு. பின்னால பெட்டி கிடைச்சாலும் அது கம்பெனியைச் சேர்ந்தது."

"அப்போ வித்த மாதிரி."

"சட்டப்படி நஷ்டஈடு."

"லிங்கத்தை விக்கறவனுக்கு என்ன கதின்னு உனக்குத் தெரியுமா?"

வெங்கட்ரமணன் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"நான் போடல்லே" என்றார் குருக்கள். "போடாத வரைக்கும் அவா தேடிண்டுதானே இருக்கணும்? ஃபைல் மூடல்லியே."

வெங்கட்ரமணன் கடிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"மாமா, தேடறதை அப்பவே நிறுத்திட்டா. நூறு நாள்தான் தேடுவா. நைரோபிக்கு எழுதிப் பார்த்தா, லண்டனுக்கு எழுதிப் பார்த்தா, இல்லேன்னுட்டா. மூணாவது கடுதாசியில இருந்தது."

"மூணாவது கடுதாசியில, விசாரிச்சுண்டிருக்கான்னு நீ சொன்னே."

"சொன்னேன். நீங்க அன்னிக்கு வாசப்படியில நின்னுண்டே கேட்டேள். ஒக்காரக்கூட இல்லை. சொல்ல வாய் வரல்லே. அடுத்த கடுதாசி வந்தா சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் ஒண்ணொண்ணா வந்துது, நானும் அதையே சொல்லிண்டு வந்துட்டேன்."

கீழே ரயில்வே ஸ்டேஷன் பக்கமிருந்து குதிரைவண்டிக்காரர்கள் சவாரிக்குச் சண்டை போடும் சத்தம் கேட்டது. குருக்கள் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூறு நாள். அப்படியானால் ஒன்றே முக்கால் வருஷமாக யாருமே தேடவில்லை. அவர் ஒருவர்தான் காலையில் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"கேஸ் போடலாம் மாமா" என்றான் வெங்கட்ரமணன், எதையாவது கொடுத்தாக வேண்டும் என்பதுபோல. "டிக்கெட்டுல எடை எழுதாம விட்டிருந்தா இந்தக் கிலோக் கணக்கு வரம்பை உடைக்கலாம். உங்களுதுல எழுதியிருக்கு. வேணும்னே தொலைச்சான்னு நிரூபிச்சாலும் உடைக்கலாம். வக்கீலைப் பார்க்கறதுன்னா நாளைக்கே பார்த்துடணும்."

"கேஸ் போட்டா லிங்கம் கேக்கலாமா?"

"பணம்தான் கேக்க முடியும். பெட்டியைத் தேடிக் குடுன்னு கேக்க சட்டத்துல இடம் இல்லை."

"ஆக, அவன் சட்டத்துல பெட்டி கிடையாது" என்றார் குருக்கள். அதில் கசப்புக்கூட இல்லை. களைப்புதான் இருந்தது.

விருமாண்டி இறங்கிப்போய் மூன்று சோடா வாங்கி வந்தான். குருக்கள் தன் சோடாவைத் தொடவில்லை. "ஒரு கடுதாசி எழுது" என்றார்.

"யாருக்கு?"

"கம்பெனிக்கு. எனக்குப் பணம் வேண்டாம்னு எழுது. இந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னும் எழுது."

"அதுக்குக் கடுதாசியே வேண்டாம். பதினாலாம் தேதி தாண்டினா தானாவே போயிடும்."

"தானாப் போகப்படாது. நான் சொல்லி விடணும். எழுது. என்னிக்காவது அந்தப் பெட்டி எங்கேயாவது கிடைச்சா, எனக்கு அனுப்ப வேண்டாம். உள்ளே செப்புச் சம்புடத்துல ஒரு கல்லு இருக்கும். அதை எடுத்து ஓடற தண்ணியில போட்டுடச் சொல்லு."

பேனாவைப் பிடித்தபடியே வெங்கட்ரமணன் அவரைப் பார்த்தான். "யார் போடறது மாமா? ஏர்லைன்ஸ்ல இதுக்கெல்லாம் டிபார்ட்மென்ட் கிடையாது."

"யார் எடுக்கறானோ அவன்."

"கடல்ல போடலாமா சாமி?" என்றான் விருமாண்டி. "ஏரோப்ளேன் போற ஊருல ஆறு இருக்கோ இல்லையோ."

குருக்கள் யோசித்தார். "கடலும் சரிதான்" என்றார். "அதையும் சேர்த்து எழுது."

வெங்கட்ரமணன் டைப்ரைட்டரில் காகிதத்தைச் சொருகினான். ஏழெட்டு வரிகளுக்கு அரைமணி நேரம் பிடித்தது. நடுவில் ஒருமுறை நிறுத்தி, லிங்கத்துக்கு என்ன வார்த்தை போடுவது என்று கேட்டான். "நீ என்ன போட்டாலும் அவனுக்குப் புரியாது, கல்லுன்னே போடு" என்றார். முடித்ததும் ஒருமுறை தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, தமிழிலேயே கையெழுத்துப் போட்டார். பழைய ஏழு கடிதங்கள் இருந்த ஃபைலை வெங்கட்ரமணன் நீட்டினான். "நீயே வெச்சுக்கோ" என்றார்.

விருமாண்டி படிக்கட்டு வரை கூட வந்தான். "நா அப்படிக் கேட்டிருக்கக் கூடாது சாமி" என்றான்.

"நீயாவது கேட்டியே" என்றார் குருக்கள்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கேற்றும் நேரம். கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். நாகலக்ஷ்மி எதிரே வந்து நின்றாள். நடந்ததைச் சொன்னார். போலீஸ்காரன் தொட்ட கதையையும் சொன்னார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"தூக்கத்துல பேசுவேள்."

அவர் தூணை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள், "லட்சம் ஜபம் பண்ண எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டாள்.

"நாளுக்கு ஆயிரத்தெட்டு. நூறு நாள்."

அவள் விரல்விட்டு எண்ணினாள். "புரட்டாசி ஆயிடும். ஐப்பசியில புது லிங்கத்துக்கு நாள் பார்த்துக்கலாம்."

மறுநாள் ஆற்றிலிருந்து வந்து, மணல் பூஜையை முடித்துவிட்டுக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். ஜபமாலை ஒரு சுற்று முடிந்ததும் அடையாளத்துக்குப் புளியங்கொட்டை ஒன்றைத் தள்ளிவைக்க வேண்டும். ஆறாவது கொட்டை வரை சரியாக இருந்தது. பிறகு மந்திரம் வாயில் ஓடிக்கொண்டிருந்ததே தவிர, மனம் எங்கேயோ ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவே நின்றது. திரும்பி வந்து பார்த்தபோது ஏழாவது கொட்டையைத் தள்ளினோமா, தள்ளப்போகிறோமா என்று தெரியவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை நாலாவதிலேயே தவறியது. கையைக் கீழே இறக்கிவிட்டார்.

அடுக்களை நிலையில் நின்று நாகலக்ஷ்மி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை ஆச்சு?"

"தெரியல்லே."

"ஒரு சுத்து கூடவே சொல்லிடுங்கோ" என்றாள். "ஜாஸ்தியானா ஒண்ணும் குத்தம் இல்லையே."

குருக்கள் கொட்டைகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டி ஒதுக்கினார். ருத்திராட்ச மாலையில் முதல் மணியை விரலால் தேடிப் பிடித்தார்.