எட்டாவது டீச்சர்

நாப்போ ஆற்றங்கரையில் இருந்த அந்தக் காட்டு ஊருக்கு நான்கு வருடத்தில் வெளிநாட்டிலிருந்து ஏழு டீச்சர்கள் வந்துபோனார்கள். சம்பளம் வாங்காத நல்ல உள்ளங்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஆளுக்கு மூன்றே மாதம். ஒவ்வொருத்தியும் சிவப்பு, நீலம், ஒன்று, இரண்டு, கை, கால் என்று இங்கிலீஷுக்குப் பிள்ளையார் சுழி போடுவாள். அடுத்த வரி எழுதுவதற்குள் அவளை ஏற்றிப்போகப் படகு வந்துவிடும்.

டெல்ஃபினாவுக்கு அந்த அடுத்த வரிதான் வேண்டியிருந்தது. ஆற்றோரச் சுற்றுலா விடுதியில் வழிகாட்டி வேலை கிடைத்தால் ஊரிலேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் கீட்டோ நகரத்தில் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்கவேண்டும். அப்படிப் போன அக்கா ஆறு வருடமாகத் திரும்பவேயில்லை.

நான்காவது டீச்சர் சிவப்பு அட்டையைத் தூக்கியபோதே டெல்ஃபினா எழுந்தாள். வந்தவளுக்கு ஊற்றிக்கொடுக்க சிச்சா என்னும் மரவள்ளிக் கள்ளுப் பானையோடு உட்கார்ந்திருந்த அம்மா சொய்லா, மகளின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருடி. இதெல்லாம் தெரியும்னு அந்தப் புள்ள மூஞ்சியில அடிக்கப் போறியா?”

“தெரியும்தானேம்மா?”

“வயிறு ரொம்பியிருந்தாலும் நீட்டின சிச்சாவ வேணாம்பியா? பேசாம வாங்கிக்க.”

அந்த ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. பிள்ளைகள் அத்தனை பேரும் புதிதாகக் கேட்பதுபோல் வாயைப் பிளந்தார்கள். டீச்சர் பூரித்துப்போனாள். இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளை அவள் பார்த்ததே இல்லையாம். பாழாய்ப்போன மரியாதை!

ஏழாவது டீச்சரும் போனபிறகு டெல்ஃபினா வழிகாட்டி வேலை கேட்டுப் போனாள். விடுதி மேலாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “வந்தவரு ஒருத்தர் காட்டுல வழுக்கி விழுந்து கால ஒடச்சுக்கிட்டாரு. அவர்கிட்ட இங்கிலீஷ்ல என்ன சொல்லுவ?”

காலுக்குச் சொல் தெரியும். ரத்தத்தின் நிறம் தெரியும். இரண்டையும் சொன்னாள். பிறகு பத்து வரை எண்ணினாள். ஏன் எண்ணினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மேலாளர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“ஏழு பேரு சொல்லிக்குடுத்தாங்கன்னியேம்மா,” என்றார். “சரி, போயிட்டு வா.”

கீட்டோ போக மூட்டையோடு அவள் துறைக்கு வந்த காலையில், அவள் ஏறவேண்டிய படகிலிருந்தே எட்டாவது டீச்சர் இறங்கினாள். ஊரார் பேசும் ஸ்பானிஷில் ஒரு சொல்கூடத் தெரியாத சின்னப் பெண். பெட்டி நிறைய வண்ண அட்டைகள். எதிர்கொள்ள நின்ற பிள்ளைகளில் டெல்ஃபினாவின் தங்கை எல்வியாவும் இருந்தாள். அவளுக்குப் பத்து வயது.

இந்த ஒரு தடவை மரியாதை நாசமாய்ப் போகட்டும் என்று டெல்ஃபினா டீச்சரின் கையைப் பிடித்தாள். ‘இதெல்லாம் இவங்களுக்குத் தெரியும். அடுத்ததச் சொல்லிக்குடு.’ அவ்வளவுதான் சொல்லவேண்டும். அதை இங்கிலீஷில் சொல்லவேண்டும். தலைக்குள் துழாவினாள். சிவப்பு வந்தது, நீலம் வந்தது. வேறெதுவும் வரவில்லை.

வந்ததையே சொன்னாள். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீச்சர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவளைக் கட்டிக்கொண்டாள்.