அரங்கசாமி ஐயாவின் தண்ணீர் முறை

அரங்கசாமி ஐயா மறுபடியும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டார். துண்டைச் சுருட்டித் தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்துவிட்டு நின்றுகொண்டார். தண்ணீர் தாழ்வாரத்துக்கு வந்தது, பக்கத்து அறை சின்னாத்தாள் அம்மா வழுக்கி விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

"இது மூணாவது தடவை. இன்னொருக்கா நடந்துச்சுன்னா ஐயாவ அவங்க பொண்ணு வந்து கூட்டிட்டுப் போயிரட்டும்" என்று சொல்லிவிட்டார் எங்கள் மேலாளர் சைத்ரா மேடம். பெண் பிரவீனாவுக்குப் பெருந்துறை கம்பெனியில் ஷிப்ட் வேலை. வீட்டில் வேறு ஆள் கிடையாது. தனியாக இருந்தபோது கேஸைத் திறந்துவிட்டு மறந்துபோனவர் என்றுதான் துடியலூரில் இருக்கிற எங்கள் இல்லத்துக்கே அவரைக் கொண்டுவந்தாள். திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் மெர்சி. மறதி நோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்கிற இந்த இல்லத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன். எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். அன்றைக்கு அவரை நானும் நன்றாகத் திட்டினேன். ஆனால் தாழ்வாரத்தைத் துடைக்கும்போதே ஒன்று மண்டையைக் குடைய ஆரம்பித்துவிட்டது. காலையில் தின்ற இட்லியை மறக்கிறவர், பெற்ற பெண்ணையே "நீங்க யாருங்க அம்மணி?" என்று கேட்கிறவர், துண்டை மட்டும் அவ்வளவு இறுக்கமாகச் சுருட்டி அடைக்கிறாரே, அது எப்படி?

"மறதிக்காரருக்குக் காரணமெல்லாம் இருக்குமாக்கும்? உனக்கு வேற வேலையில்ல" என்றார் வாட்ச்மேன் செங்கோட்டையன். அட, போய்யா!

காலண்டரில் குறித்துப் பார்த்தேன். ஒரு திங்கள், ஒரு சனி, ஒரு வியாழன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மாத்திரையை மாற்றின நாளும் இல்லை, பிரவீனா வந்துபோன நாளும் இல்லை. சரி, ஆளையே பார்ப்போம் என்று, சும்மா இருக்கிற நேரமெல்லாம் அவர் அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். நாலு நாள் ஒன்றுமே நடக்கவில்லை. மனுஷன் ஜன்னலோரம் சாதுவாக உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் நாள் பதினோரு மணிக்கு ஜன்னலுக்குக் கீழே சலசலவென்று சத்தம். கார்ப்பரேஷன் தண்ணீர் எங்கள் சம்ப் தொட்டியில் விழுகிறது. ஐயா விருட்டென்று எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எங்கீங்கய்யா கிளம்பிட்டீங்க?"

"தண்ணி வந்துருச்சு கண்ணு."

நேராகக் குளியலறைக்கு நடந்தார். அன்றைக்குக் குளியலறையை வெளியே பூட்டி வைத்திருந்ததால் வெள்ளம் தப்பியது. பாவம், கதவைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் புலம்பினார். செங்கோட்டையனிடம் போய்த் தண்ணீர் வந்த நாட்களைக் கேட்டேன். திங்கள், சனி, வியாழன். அப்படியே பொருந்தியது!

உடனே பிரவீனாவுக்குப் போன் போட்டேன்.

"எங்க தோட்டத்துக்கு வாய்க்கால் பாசனமுங்க்கா" என்றாள். "தண்ணி முறை வெச்சுத்தான் வரும். நம்ம முறை வந்தா அப்பா தண்ணி கீழ போகாம வாய்க்கால சாக்கச் சுருட்டி அடைச்சு, மடையத் திறந்துபோட்டு அங்கயே நிப்பாரு. அடுத்த தோட்டத்துக்காரர் வந்து 'எங்க முறைங்க'ன்னு கேட்டாத்தான் மடைய மாத்துவாரு. நடுவுல யார் வந்து சத்தம் போட்டாலும் அசைய மாட்டாருங்க. முறையில கை வெச்சா ஊருல வெட்டுக்குத்தே நடக்குமுங்க."

மேடம் லீவு முடிந்து வந்து, இதை அவரிடம் சொல்வதற்குள் அடுத்த தண்ணீர் வந்துவிட்டது. நான் மாடியில் ஒருவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கீழே கூச்சல் கேட்டு ஓடினேன். யாரோ குளியலறைப் பூட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வாசல்படி வரைக்கும் வந்துவிட்டது. செங்கோட்டையன் ஐயாவின் கையைப் பிடித்து இழுக்கிறார். ஐயா குழாயை விடாமல் பிடித்துக்கொண்டு, "எம்பட முறைங்க! எம்பட முறைங்க!" என்று கத்துகிறார். கண்ணில் தண்ணீர். மேடம் காதில் போனை வைத்துக்கொண்டு, "பிரவீனா, நீங்க இன்னிக்கே வந்து..." என்று ஆரம்பித்துவிட்டார்.

"கைய உடுங்கண்ணா!" என்று நான் போட்ட சத்தத்தில் செங்கோட்டையன் விலகிவிட்டார். சுடிதார் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரி மாதிரி குளியலறை வாசலில் போய் நின்றேன்.

"ஏனுங்க, உங்க முறை முடிஞ்சுதுங்களா? அடுத்தது எங்க முறைங்க."

ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டென்று குழாயை மூடினார். குனிந்து துண்டை எடுத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். தண்ணீர் மடமடவென்று ஓட்டையில் இறங்கியது.

"எடுத்துக்குங்க அம்மணி" என்றார். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்து, "இதுக்குப் போயி ஏனுங்க இத்தனை சத்தம்? பயிர் காயுதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா முன்னாடியே உட்டிருப்பனே" என்றார்.

மூன்று தடவையும் அவரைத் திட்டினவள் நான். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேடத்தின் போனுக்குள் பிரவீனா, "அப்பாவுக்கு என்னாச்சுங்க? சொல்லுங்க மேடம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மேடம் ஈரத் தரையைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார்.

"ஒன்னுமில்லீங்க பிரவீனா. நீங்க வர வேண்டாம். அப்பா இப்பத்தான் தண்ணி கட்டி முடிச்சாரு" என்றார்.