ஊசியக்காவின் அலாரம்

அந்த மருந்துத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உயிரணுக்கள் வளரும் எஃகுத் தொட்டிகளிலிருந்து வேளாவேளைக்கு ஊசிக்குழலால் கொஞ்சம் திரவம் உறிஞ்சிப் பரிசோதனைக்குக் கொடுப்பது அவள் வேலை. அதே வேலைதான் அவளுடைய நாத்தனாருக்கும். நின்று நின்று இருவருக்கும் கால் வீங்கிக் கிடந்தது.

அப்போதுதான் தானாகவே மாதிரி எடுக்கும் இயந்திரம் வந்து இறங்கியது. அதைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் போதும், இன்னொருத்தர் தொட்டி கழுவப் போகவேண்டும் என்றார் மேனேஜர்.

"அண்ணி இருக்கட்டும் சார். அவங்களுக்கு முட்டிவலி," என்று நாத்தனார் முந்திக்கொண்டாள். ஊசியக்கா நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இனி உட்கார்ந்த இடத்தில் வேலை என்று நினைத்தாள்.

நினைப்போடு சரி. குழாயில் ஒரு காற்றுக்குமிழி மாட்டினாலும் இயந்திரம் அவள் கைபேசியில் கூவியது. குளிக்கும்போது கூவியது, மகளின் பள்ளியில் டீச்சர் பேசிக்கொண்டிருந்தபோது கூவியது. அடித்துப் பிடித்து ஓடினால் வெறும் குமிழி. ஒரு தட்டு தட்டினால் போய்விடும்.

"கல்யாணமான புதுசுல நான்கூட உன்னை இப்படித் தேடினதில்ல," என்றார் கணவர். அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

ஒரு விடுமுறை நாள் மதியம், சாப்பிட்ட கையோடு கண்ணயர்ந்தபோது மறுபடி கூவியது. "குமிழியாத்தான் இருக்கும்," என்று தலையணைக்கடியில் செருகிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

அன்றைக்குக் குழாய் நிஜமாகவே அடைத்துக்கொண்டிருந்தது. மாதிரி வராததால் தொட்டிக்குள் சர்க்கரை குறைந்தது யாருக்கும் தெரியவில்லை. தீனி இல்லாமல் உயிரணுக்கள் செத்துப்போயின. தொட்டி முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று.

மேனேஜர் சத்தம் போடவில்லை. "ஒரு எட்டு வந்து பார்த்திருக்கலாமேம்மா."

"பார்த்திருக்கலாம் சார். எந்திரிக்க முடியல."

ஈர பூட்ஸோடு அறை வாசலில் நின்ற நாத்தனார் உள்ளே வந்தாள்.

"சார், அந்தத் தொட்டியக் கழுவப்போறவ நான். அதனால சொல்றேன். எந்திரம் வந்து கைவேலைதான் போச்சு, காவல் போகல. ஒரு ஆளால எந்நேரமும் முழிச்சிருக்க முடியுமா? ஒருநாள் அண்ணி, ஒருநாள் நான்னு மாத்தி விடுங்க."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆள் இருந்தது. கடைசியில் ஊசியக்காவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அலாரம் நாத்தனாரின் எண்ணுக்கும் முறைவைத்துப் போனது.

வெளியே வந்ததும் ஊசியக்கா, "உனக்கு எதுக்குடி இந்த வம்பு?" என்றாள்.

"வீட்ல அண்ணன் பொலம்பல் தாங்கல. இன்னைக்கு என் முறை. நீங்க கிளம்புங்க அண்ணி."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப்போனதைக்கூட அறியாமல், வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டே போனாள்.