ஐந்தாவது போல்ட்

இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் பாதிக் கோட்டைத் தொட இன்னும் ஒரு நூல்தான் பாக்கி இருந்தது. அவள் ஹீட்டர் குமிழைக் கடைசி வரைக்கும் திருகினாள். காலடியிலிருந்து அனல் கிளம்பி முகத்தில் அடித்தது.

“ஏம்மா, என்ன பண்ற நீ?” பின் சீட்டிலிருந்து அத்தை கத்தினாள். “வெளியில வெயில் மண்டையைப் பிளக்குது. உள்ள ஹீட்டரா?”

“கண்ணாடியில பனி படியுது அத்தை.”

“மத்தியானம் ரெண்டு மணிக்கா?”

அவள் கியரை மாற்றினாள். பக்கத்து சீட்டில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் அமரர் ஊர்தி ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அதற்குள் அப்பா. அப்பாவுக்குப் பக்கத்தில் சித்தப்பா. மற்ற சொந்தக்காரர்கள் எல்லாம் நேராக மயானத்துக்கே போய்விட்டார்கள். மூன்று மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தவறினால் நாளைக் காலைதான் என்று மயானத்து ஆபீஸ்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்லியிருந்தார்.

இந்தக் காருக்கு இருபத்தாறு வயது. ஓடினால் காற்று பட்டு ஆறும், ஊர்ந்தால் கொதிக்கும். ஹீட்டரைப் போட்டால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே இருப்பவர்கள் தலையில் இறங்கும், முள்ளும் இறங்கும். அது அப்பாவின் வைத்தியம். சின்ன வயதில் அந்த வைத்தியத்தில் வெந்துகொண்டேதான் அவள் எல்லாக் கல்யாணத்துக்கும் போயிருக்கிறாள்.

செல்போனை எடுத்தாள். “சித்தப்பா, டிரைவரைக் கொஞ்சம் வேகமா போகச் சொல்லுங்களேன்.”

“எதுக்கு? உங்கப்பாவைக் கொண்டுபோய்ச் சேர்க்க அவ்வளவு அவசரமா?” சித்தப்பா போனை வைத்துவிட்டார்.

டாஷ்போர்டில் இருந்த சிகரெட் சாம்பல் கிண்ணத்துக்குள் அந்த போல்ட் உருண்டுகொண்டே வந்தது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு டங். அதைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம் காரின் வாட்டர் பம்ப் போய்விட்டது. மெக்கானிக் விலை சொன்னார். பம்ப் விலையைவிட மாட்டுகிற கூலி அதிகம். அப்பாவுக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. “அஞ்சு போல்ட்டைக் கழட்டி மாட்டறதுக்கு இவ்வளவா? அவன் என்ன இதயத்தையா மாத்தப் போறான்?” இந்த டப்பாவை விற்றுத் தொலையுங்கள் என்று அவள் சொன்னாள். கூலியை நான் தருகிறேன் என்று அடுத்த நாள் இறங்கி வந்தாள். இரண்டுக்கும் அவர் மசியவில்லை. பம்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, எழுபத்தொரு வயதில், வாசலில் படுத்து இரண்டு நாள் வேலை பார்த்தார். வேலை முடிந்தபோது ஒரு போல்ட் மிச்சம் இருந்தது.

“மிச்சம் இல்ல இன்ஸ்பெக்டரம்மா, உபரி,” என்றார் புதன்கிழமை போனில். கோபம் வந்தால் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். “கம்பெனிக்காரன் தாராள மனசுல ஒண்ணு கூடப் போட்டிருக்கான்.”

“போல்ட் மிச்சம் வந்தா ஏதோ தப்புன்னுதான் அர்த்தம்ப்பா. சொன்னா கேளுங்க.”

“சரி, பந்தயம். ஞாயித்துக்கிழமை நீயே வந்து ஓட்டிப் பாரு. முள்ளு பாதியைத் தாண்டிச்சுன்னா சாவியை உன் கையில குடுத்துடறேன். வித்துக்கோ, உடைச்சுக்கோ. தாண்டலைன்னா அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.”

வெள்ளிக்கிழமை காலை சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதி முகத்தில் நுரையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. மீதி முகத்தை ஆஸ்பத்திரியில் யாரோ மழித்துவிட்டிருந்தார்கள். அவர் செய்துகொள்வதைவிட நன்றாகவே செய்திருந்தார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

வாடகைக் கார் சொல்கிறேன் என்று அவள் காலையிலேயே சொல்லிப் பார்த்தாள். அம்மா கேட்கவில்லை. “ஞாயித்துக்கிழமை வண்டி ஓடும்னு அவர் சொன்னார். ஓடும்.” அவ்வளவுதான், சாவியை எடுத்து அவள் கையில் திணித்தாள். இந்த வீட்டில் யார்தான் அவள் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள், இன்றைக்கு மட்டும் கேட்பதற்கு.

வாசலில் வண்டியைக் கிளப்பும்போது அவளுக்கும் ஒரு வீம்பு இருந்தது. முள் தாண்டட்டும், எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தாள். இரண்டு தெரு போவதற்குள் அந்த நினைப்பு போய்விட்டது. சண்டைக்கு வர ஆள் இல்லாத இடத்தில் ஜெயிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய கை தானாகவே ஹீட்டர் பக்கம் போனது. அப்பாவுக்காக அவளே கள்ளாட்டம் ஆடிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு மயக்கமா வருது,” என்றாள் அத்தை. “தம்பியோட சேர்த்து என்னையும் அங்கயே விட்டுட்டு வரலாம்னு பாக்கறியா?”

“ஜன்னலை இன்னும் இறக்கிக்கோங்க அத்தை.”

“இதுக்கு மேல எங்கம்மா இறங்கும்? அது உங்கப்பன் மாதிரி, பாதியிலயே நின்னுக்குச்சு.”

அம்மா கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

பெரிய சாலை சிக்னலில் ஊர்தி நின்றது. அவளும் நின்றாள். சிவப்பு விழுந்து, மேலே வினாடி எண் தொண்ணூறிலிருந்து இறங்கத் தொடங்கியது. அறுபதில் முள் கோட்டைத் தொட்டது. நாற்பதில் தாண்டியது. அவள் சட்டென்று இடது கையை ஸ்டியரிங்கின் மேல்பக்கம் வைத்து மறைத்தாள். யாரிடமிருந்து மறைக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பச்சை விழுந்து ஐம்பது அடி போனதும் பானட்டின் இரண்டு ஓரத்திலும் வெள்ளையாக ஆவி கிளம்பியது.

பூட்டியிருந்த ஒரு டயர் கடை முன்னால் வண்டியை ஓரம் கட்டினாள். ஊர்தி டிரைவர் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். அவரும் நிறுத்தினார். சித்தப்பா இறங்கி ஓடிவந்தார்.

“அப்பவே நினைச்சேன். எல்லாரும் அந்த வண்டியில ஏறுங்க. இந்தச் சனியன் இங்கயே கிடக்கட்டும். மணி ரெண்டு இருபது ஆச்சு.”

அத்தை கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். அம்மா அசையவில்லை.

“அண்ணி, இறங்குங்க.”

“நான் இதுலதான் வருவேன்.”

“அம்மா, புரிஞ்சுக்கோ. இது போகாது,” என்றாள் அவள். குரல் உயர்ந்துவிட்டது. “பம்ப் ஒழுகுது. அவர் சரியா மாட்டல. மூணு மணிக்குள்ள போகலைன்னா அவரை நாளைக்கு வரைக்கும் வச்சிருக்கணும். உனக்கு அதுதான் வேணுமா?”

“ஓடும்னு சொன்னார்,” என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்தபடியே.

அவள் இறங்கிக் கதவை ஓங்கிச் சாத்தினாள். செத்தும் இந்த மனுஷனோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. அழுகையாவது வந்தால் பரவாயில்லை, இரண்டு நாளாக அதுவும் வந்த பாடில்லை.

ஊர்தி டிரைவர் மெதுவாக நடந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“பானட்டைத் திறங்கம்மா. ரேடியேட்டர் மூடியில மட்டும் கை வச்சுடாதீங்க.”

“நேரம் இருக்கா?” என்றார் சித்தப்பா.

“மயானத்துக்கு இங்கேருந்து பத்து நிமிஷம். நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன். தினம் பாக்கற ஆளுங்கதானே.” தன் வண்டியிலிருந்து தண்ணீர் கேனையும் ஒரு சாக்குப் பையையும் எடுத்துவந்தார். பையில் ஸ்பேனர்கள் இருந்தன.

ஆவி அடங்கும்வரை மூன்று பேரும் அந்த டப்பாவைச் சுற்றி நின்றார்கள். முன்னால் அப்பா பின்கதவு சாத்திய வண்டிக்குள் காத்திருந்தார். எங்கே போனாலும் எல்லாரையும் அரை மணி முன்னதாகக் கிளப்புகிறவர்.

டிரைவர் குனிந்து உள்ளே பார்த்தார். “பம்ப் புதுசு. யார் மாட்டினது?”

அவள் முகவாயால் ஊர்தியைக் காட்டினாள். “அவர்தான்.”

டிரைவர் திரும்பித் தன் வண்டியை ஒரு தடவை பார்த்தார். பிறகு மறுபடி குனிந்தார். “நல்லாத்தான் மாட்டிருக்கார். நாலும் சரியான இறுக்கம். இந்த டைனமோவுக்குப் பின்னாடி ஒண்ணு வரணும், அதைக் காணோம். அந்த வழியாத்தான் ஒழுகுது.”

அவள் போய் சாம்பல் கிண்ணத்தை இழுத்து போல்ட்டை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

“இதுக்கு இடம் இருக்குன்னு சொன்னேன்,” என்றாள். “தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். உபரியாம். கம்பெனிக்காரன் தாராளமாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் சொல்றதைக் காதுல வாங்கினாரா? மறந்துட்டேன்னு ஒத்துக்கிட்டா என்ன, கிரீடம் இறங்கிடுமா?” பானட்டுக்குள் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். சித்தப்பா அவள் தோளில் கை வைக்க வந்தவர், வைக்காமல் நகர்ந்துகொண்டார்.

டிரைவர் அவள் முடிக்கும்வரை காத்திருந்தார். “கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்கம்மா. வெயில் உள்ள விழ மாட்டேங்குது.”

அவள் செல்போன் விளக்கைப் போட்டுக் குனிந்தாள்.

எட்டு வயதிலிருந்து பதினெட்டு வரை இந்த வேலையை அவள்தான் பார்த்தாள். இதே பானட்டின் கீழ் இல்லை, இதற்கு முந்தைய காரில். கை வலிக்கும், கொசு கடிக்கும், வெளிச்சம் நகரும். நீ பாக்கற இடத்துல இல்ல, நான் பாக்கற இடத்துல அடி என்று அப்பா எரிந்து விழுவார். போன மாதமும் கூப்பிட்டார். “சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்து டார்ச் பிடியேன்.” பத்து வருஷம் பிடிச்சாச்சு, திட்டு வாங்கினதுதான் மிச்சம், மெக்கானிக்கிட்ட குடுங்க என்று சொல்லிவிட்டாள். அவர் சரி என்றார். போனை வைத்துவிட்டார்.

“மறக்கல அவர்,” என்றார் டிரைவர்.

“என்ன?”

“இங்க பாருங்க. ஓட்டையைச் சுத்திப் புதுக் கீறல். அம்பது அறுபது இருக்கும். போல்ட் முனையை வச்சு வச்சுத் தேடியிருக்கார். ரொம்ப நேரம் பாத்திருப்பார் போல. கண்ணு தெரிஞ்சிருக்காது.”

அவள் பார்த்தாள். கறுப்பு உலோகத்தில் சின்னச் சின்னதாக, பளபளவென்று, ஓட்டைக்கு மேலேயும் கீழேயும் பக்கத்திலும் கீறல்கள். சில ஓட்டையின் விளிம்பு வரைக்கும் வந்திருந்தன.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒரு நாளைக்கு முப்பது பேரின் கண்ணுக்கு அளவு எடுக்கிறவள். அப்பாவுக்குக் கிட்டத்தில் இருப்பது எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று அவளுக்கு எண்ணாகவே தெரியும். புது லென்ஸ் போட்ட கண்ணாடி மூன்று மாதமாக அவளுடைய மேஜை டிராயரில் இருக்கிறது. அவரே வந்து கேட்கட்டும் என்று வைத்திருந்தாள்.

டிரைவர் துணி சுற்றிய கையை உள்ளே நுழைத்தார். அவர் கண் போன இடத்துக்கு வெளிச்சம் போனது. அவர் தலையைச் சாய்த்தபோது அதுவும் சாய்ந்தது. அவர் விரலின் நிழல் ஓட்டையில் விழாதபடி மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டாள். முதல் தடவையிலேயே போல்ட் மரை பிடித்தது.

“பரவால்லையே,” என்றார் டிரைவர், ஸ்பேனரைத் திருகிக்கொண்டே. “மெக்கானிக் ஷெட் வச்சிருந்தப்ப எங்கிட்ட வேலை பாத்தவனுங்க ஒருத்தனுக்கும் விளக்குப் பிடிக்கத் தெரியாது.”

அவர் கையை வெளியே எடுத்தார். துணியால் துடைத்தார். தண்ணீரை ஊற்றி மூடியை இறுக்கினார். “அவ்வளவுதான்மா, ஆயிடுச்சு. போதும்.”

அவள் குனிந்தபடியே நின்றாள். பட்டப்பகலில் செல்போன் விளக்கு அந்த போல்ட் தலையின் மேலேயே எரிந்துகொண்டிருந்தது.

“அம்மா, போதும். எடுத்துடுங்க.”

மணி இரண்டு நாற்பத்தைந்து. அத்தை காலை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். முதல் திருகலிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அம்மா முதல் தடவையாக இந்தப் பக்கம் திரும்பினாள். “பாப்பா, முள்ளு பாதியைத் தாண்டிச்சா?”

பந்தய விஷயம் அம்மாவுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புதன்கிழமை அப்பா பேசியபோது பக்கத்தில் இருந்திருப்பாள்.

“இல்லம்மா,” என்றாள். “தொட்டுச்சு. தாண்டல.”

அம்மா தலையை ஆட்டினாள். “தாண்டாதுன்னுதான் அவரும் சொன்னார்.”

ஊர்தி நகர்ந்தது. அவளும் பின்னாலேயே நகர்ந்தாள். சாம்பல் கிண்ணத்திலிருந்து இப்போது சத்தம் வரவில்லை. இனி எதற்கு இந்த அனல் என்று ஹீட்டரை நிறுத்தப் போனாள். அம்மாவின் கை வந்து அவள் கையின் மேல் விழுந்தது.

“இருக்கட்டும்,” என்றாள் அம்மா. “கேட் வரைக்கும் இருக்கட்டும்.”

பின் சீட்டில் அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். முள் பாதிக்குக் கீழேயே நின்றது. மூன்று பேரும் வியர்த்து வழிய, முன்னால் போகிறவரின் வேகத்துக்கே பின்னால் போனார்கள்.