துண்டுக்குள் முடிந்த விலை

அருண்பாண்டிக்குத் திங்கட்கிழமைக்குள் ஒரு வண்டி வேண்டும். காளவாசலிலிருந்து ஆரப்பாளையம் வரைக்கும் பரோட்டாக் கடைகளுக்கு முட்டை போடுகிறவன் அவன். பழைய மொபெட் நடுரோட்டில் உயிரை விட்டதிலிருந்து முட்டை ஷேர் ஆட்டோவில் போகிறது. லாபத்தில் பாதி ஆட்டோவுக்கு, மீதி உடைசலுக்கு. திங்கட்கிழமையும் தாமதமானால் லைனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகப் பண்ணைக்காரர் சொல்லிவிட்டார்.

பேரம் பேச என்னைக் கூட்டிப் போனான். என் தங்கையைக் கட்டியவன், மறுக்க முடியாது. தவிர, எங்களுக்குக் கீழமாசி வீதியில் வெங்காய மண்டி. எங்கள் வீட்டில் குழந்தை முதலில் பேசுகிற வார்த்தையே 'கட்டாது' என்பதுதான்.

வண்டிக்காரன் அழகுராஜா, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் காத்திருந்தான். கறுப்பு வண்டி, துடைத்துப் பளபளவென்று நின்றது. அருண்பாண்டி எஞ்சினைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. கொண்டுவந்திருந்த ஓர் அட்டை முட்டையைப் பின்னால் வைத்துக் கட்டி, வேகத்தடைகளில் ஏற்றி இறக்கி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தான்.

"ஒண்ணுகூட விரிசல் விடல, மச்சான். இதான் வண்டி."

"வாங்குறவன் வாயத் தொறந்து சரக்கப் புகழக் கூடாது, மாப்ள. போய் டீயக் குடி" என்று அனுப்பினேன்.

அதற்குள் சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. ஆரப்பாளையத்தில் ஒரு வண்டி கைமாறினால் டீ குடிக்க வந்தவனும் தரகு கேட்பான். தோளிலிருந்த துண்டை எடுத்தேன். அழகுராஜாவின் முகம் மலர்ந்தது.

"எங்க மாமனார் மாட்டுத் தரகருண்ணே. எனக்கும் விரல் பாசை தெரியும்" என்று கையை நீட்டினான்.

துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசும் விலை, பிடித்த இரண்டு கைகளுக்கு மட்டுமே சொந்தம். வெளியே சொன்னவனோடு அப்புறம் யாரும் யாவாரம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் எவ்வளவுக்கு முடிந்தது என்று உங்களுக்கும் சொல்வதற்கில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: நான் ஒரு விரலை மடக்கச் சொன்னால் அவன் ஒன்றரை விரலை மடக்கினான். விலை இவ்வளவு சுளுவாக இறங்கினால் மூட்டையின் அடியில் அழுகல் இருக்கும் என்பது வெங்காயம் கற்றுக்கொடுத்த பாடம்.

"ஆர்.சி.யக் காட்டுங்க, தம்பி."

கார்டை வாங்கிப் பார்த்தேன். உரிமையாளர்: நாகஜோதி, தகப்பனார் மொக்கையன். கீழே கடன் கொடுத்த ஃபைனான்ஸின் பெயரும் அப்படியே இருந்தது.

"நாகஜோதி யாரு?"

"என் சம்சாரந்தாண்ணே. சீரா வந்த வண்டி. மாமனாரு மக பேர்லயே எடுத்துட்டாரு. கடனெல்லாம் அப்பவே கட்டியாச்சு. ஃபார்ம்ல அவ கையெழுத்த நானே போட்டுத் தந்துர்றேன். அவ வேற, நான் வேறயா?"

"வேற இல்லதான், தம்பி. ஆனா நாளைக்கு அந்தம்மா நான் விக்கலன்னு சொன்னா, என் மாப்ள ஓட்டுறது திருட்டு வண்டியாயிரும். கடன் முடிஞ்சதுக்கு ஃபைனான்ஸ்காரன் குடுத்த கடுதாசி எங்க?"

"அதும் அவகிட்டதான். செக்கானூரணிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

"அப்ப நாமளும் போவோம்."

வேறு வழியின்றி மனைவிக்கு போன் போட்டான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஆனால் மண்டிக்காரனின் காது முதுகோடு நிற்காது. துண்டுக்குள் முடித்ததில் ஒரு விரல் குறைத்துத்தான் அவளிடம் விலையைச் சொன்னான்.

அழகுராஜா அந்த வண்டியில் முன்னால் போனான்; நாங்கள் பஸ்ஸில். வழி நெடுக அருண்பாண்டிக்கு ஒரே கவலை. "மச்சான், அந்தம்மா மாட்டேன்னுட்டா?"

"மாட்டேன்னா வேற வண்டி பாப்போம்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. அதுக்கப்பறம் லைன் போயிரும், மச்சான்."

நாகஜோதி எங்களுக்கு மோர் கொடுத்தாள். கடன் முடிந்த கடிதம், இன்சூரன்ஸ், இரண்டாவது சாவி என்று எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்து அடுக்கினாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த மொக்கையன், மருமகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெற்றிலை மெல்லுவதைத் தொடர்ந்தார். நான் பெயர் மாற்றும் ஃபார்ம்களை நீட்டினேன். அவள் பேனாவை எடுத்தாள்; மூடியைத் திறக்கவில்லை.

"எம்புட்டுக்கு முடிச்சீக, அண்ணே?"

உண்மையைச் சொன்னால் துண்டுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் கையெழுத்து இல்லை. அருண்பாண்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"துண்டுல முடிச்சது, தாயி. நான் வாயால சொல்லப்படாது. உங்கப்பாவக் கேளுங்க."

"அது நெசந்தான், ஆத்தா" என்றார் மொக்கையன்.

நாகஜோதி யோசித்தாள். பிறகு என் தோளிலிருந்த துண்டைக் கேட்டு வாங்கிப் புருஷன் முன்னால் விரித்தாள்.

"பிடிச்ச கை ரெண்டுல ஒண்ணு உங்களுதுதானே? வாயால வேணாம். இதுக்குள்ள சொல்லுங்க."

அழகுராஜா மாமனாரைப் பார்த்தான். மாட்டுத் தரகர் வீட்டில், துண்டுக்குள் பொய் பிடிக்கிறவனுக்குச் சோறு கிடைக்காது. கையை உள்ளே விட்டான். அவள் விரல்களை எண்ணினாள்.

"போன்ல ஒரு விரலு கொறஞ்சு கேட்டுச்சே. சிக்னல் சரியில்ல போல."

"சண்டைக்கு விட முட்டுக்கிடா ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், அதுக்குத்தான்..." என்று இழுத்தான்.

"வாங்குங்க. அதுக்கும் ஆர்.சி. என் பேர்லயே இருக்கட்டும்."

மொக்கையனுக்குப் புரையேறியது. அழகுராஜாவும் அசடு வழியச் சிரித்துவிட்டான். அவள் பேனாவைத் திறந்தாள், மறுபடியும் நிறுத்தினாள்.

"இந்த விலைக்கு இன்னும் ஒரு விரலு கூட்டிக் குடுங்க, அண்ணே."

"முடிச்ச விலையக் கூட்டப்படாது, தாயி."

"கூட்டப்படாதுதான்" என்று மொக்கையனும் தீர்ப்புச் சொன்னார்.

"சரி, விலை வேணாம். இந்த வண்டி எவனையாச்சும் இடிச்சா போலீசு யாரத் தேடி வரும்? ஆர்.சி.யில இருக்கிற என்னையத்தான். வித்த வண்டிக்கு நான் எதுக்கு ஸ்டேஷன்ல நிக்கணும்? பேரு மாறி இந்த அண்ணன் கைக்குப் புதுக் கார்டு வர்ற வரைக்கும், வாரம் ஒரு அட்டை முட்டை எங்க வீட்டுக்கு வரணும். முட்டை, விலையில சேராதுல்ல?"

நான் மொக்கையனைப் பார்த்தேன். அவர் கூரை மோட்டைப் பார்த்தார். இந்தச் சங்கதிக்குத் துண்டுச் சட்டத்தில் பதில் இல்லை.

அருண்பாண்டி என்னைக் கேட்கவே இல்லை. "சரிங்க" என்று சொல்லி, வண்டியில் கட்டியிருந்த அட்டையை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தான். கேட்ட இடத்தில் எல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். மோர் இன்னொரு சொம்பு வந்தது.

திங்கட்கிழமை காலையில் மண்டியில் இருந்தேன். அருண்பாண்டியிடமிருந்து போன்.

"எல்லாக் கடைக்கும் முட்டை போட்டாச்சு, மச்சான். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நிக்கிறேன். நான்தான் மொத ஆளு."

"ஆபீசு இன்னும் தொறந்தே இருக்காதே, மாப்ள."

"அதனாலதான் மொத ஆளு. ரெண்டாவது அட்டைக்கு என்னால ஆகாது."