மீசை வைத்த வட்டம்

முபஷிர் காற்றைத் திறக்க மறந்ததற்கு முழுக் காரணம் அவனுடைய வாய்தான்.

வியாழக்கிழமை மத்தியானம், திருச்செங்கோட்டை ஒட்டி போர்வெல் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை. மாஸ்ட் என்கிற நெட்டைக் கம்பத்தை வண்டியோடு பிடித்திருக்கும் அடிப்பாகத்தில் ஒரு விரிசல். அதைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். தோண்டுவது முபஷிர், பற்றவைப்பது குமரன். செம்புப் பூச்சுப் போட்ட கார்பன் ராடைப் பிடியில் செருகி, முதலில் காற்றைத் திறந்து, அப்புறம்தான் இரும்பில் பொறி எழுப்ப வேண்டும். பொறி இரும்பை உருக்கும். பிடியின் துளைகளில் சீறி வரும் காற்று, உருகியதை ஊதித் தள்ளும். பதினேழு வருஷமாக அவன் செய்வது இதைத்தான். அன்றைக்கு, தன் கல்யாணத்தில் மாப்பிள்ளைக் காரை விட்டுவிட்டு பிரியாணி அண்டா ஏற்றிய வேனில் ஏறிப்போன கதையைக் குமரனுக்குச் சொல்லிக்கொண்டே ராடை வைத்தான். கதையில் காற்று இருந்தது. பிடியில் இல்லை.

மூன்று விநாடிதான். உருகிய இரும்பு போக வழியில்லாமல் அங்கேயே குந்திக்கொண்டு கார்பனைக் குடித்தது. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு. அதன்மேல் அப்படியே பற்றவைத்தால் கண்ணாடி மாதிரி இறுகிப்போய், பாரம் ஏறுகிற ஏதோ ஒரு நாளில் பிளந்துவிடும்.

இதற்குப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கறுப்பைச் சுற்றிச் சாக்பீஸில் வட்டம் போட வேண்டும். பற்றவைப்பவர் கிரைண்டரில் கறுப்பை அரைத்தெடுக்கும்போது வட்டமும் போய்விடும். வட்டம் இல்லையென்றால் இடம் சுத்தம் என்று பொருள். முபஷிர் வட்டம் போட்டான். அதோடு விட்டிருக்கலாம். இரண்டு கண், முதலாளி சுவாமிநாதனின் முறுக்கு மீசை, மூக்கில் மரு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தான். நடுவிலிருந்த கறுப்பு வெற்றிலை போட்டுக் கறுத்த வாயாக அமைந்துவிட்டது. எட்டி நின்று ரசித்துவிட்டு டீக்குப் போனான். திரும்பி வந்தபோது குமரன் பற்றவைத்து முடித்திருந்தான். வட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, பெயிண்ட் காய்ந்து, மாலை போட்டுக்கொண்டு வண்டி சத்தீஸ்கருக்குக் கிளம்ப நின்றது. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வாசலைத் தாண்டியாக வேண்டும். அப்போது மணி பத்து ஐந்து.

சந்தை வழியாக வருகிறவன் என்பதால், எலுமிச்சம்பழம் வாங்கிவந்து சக்கரத்தடியில் வைப்பது முபஷிரின் பொறுப்பு. பழத்தை வைத்துவிட்டு, கை துடைக்கக் குமரனின் துணியை எடுத்தான். துணியெல்லாம் சாக்பீஸ் வெள்ளை. கிரைண்டரில் போன வட்டம் துணிக்கு எப்படி வரும்?

"குமரா, நேத்து அந்தக் கறுப்பை அரைச்சியா?"

குமரன் முதலாளி நிற்கிற பக்கம் பார்த்தான். "அதெல்லாம் பாத்துக்கலாங்க பாய்."

"வண்டியே போகப்போவுது. இன்னும் என்னத்தைப் பாக்கறது?"

"நல்லாத்தானுங்க பத்தவச்சிருக்கறேன்."

கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. முபஷிர் முதலாளியிடம் போனான். "வண்டிய நிறுத்துங்க மொதலாளி. நேத்து நான் காத்தைத் தொறக்காமத் தோண்டிட்டேன்."

சுவாமிநாதன் சிரித்தார். "போன வாரம் கம்ப்ரசருக்குள்ள பாம்பு பூந்துருச்சுன்னு பட்டறையவே ரோட்டுக்கு ஓட வச்சே. இன்னிக்கு ஆரும் ஓடறதா இல்லை."

மாஸ்டின் அடியில் நாள் முழுக்க நின்று குழாய் மாற்றப்போகிறவர் டிரில்லர் கைலாசம். அவர் சாப்பாட்டுக் கூடையோடு கேபின் படியில் கால் வைத்திருந்தார். "ஏறாதீங்கண்ணா" என்று முபஷிர் கையைப் பிடித்தான்.

"ஏனுங்க பாய், எனக்குப் பதிலா நீங்க வாரீங்களா? நீங்க சொல்ற கதைக்குத் தண்ணி தானா மேல வந்துருமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பதினேழு வருஷமாகச் சிரிக்கப் பழக்கியவன் அவனேதான். இப்போது நிறுத்தச் சொன்னால் யாருக்கும் நிறுத்தத் தெரியவில்லை.

டிரைவர் என்ஜினைக் கிளப்பினார். மணி பத்து இருபது. முபஷிர் குனிந்து, முன் சக்கரத்தடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நசுக்கப் பழம் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்தமாட்டார். இருந்தாலும் சந்தேகத்துக்கு, பழம் இருந்த இடத்தில் தானே உட்கார்ந்தான். டயர் அவன் தலைக்குமேல் நின்றது. என்ஜின் அதிர்வு முதுகெலும்பு வழியாகப் பல் வரைக்கும் ஏறியது. இதைவிட மரியாதையான ஒரு வழி இருந்திருக்கும், அவனுக்குத் தோன்றவில்லை.

"எந்திரிப்பா." சுவாமிநாதன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "வெளையாட்டுக்கும் ஒரு அளவிருக்குது."

"வெளையாட்டு இல்லைங்க. கறுப்பைச் சுத்தி வட்டம் போட்டேன். வட்டத்துல உங்க மூஞ்சிய வரைஞ்சு வச்சேன். மீசை, மரு, எல்லாந்தான். நீங்க பாத்தாக் கோவிச்சுக்குவீங்கன்னு இவன் தொடைச்சிருக்கறான். அரைச்சுட்டுத் தொடைச்சானா, அரைக்காமத் தொடைச்சானான்னு உங்க முன்னாடி சொல்ல மாட்டேங்கறான்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். சுவாமிநாதனின் விரல் தானாக மூக்குக்குப் போனது.

"மருவுமா?"

"ஆமாங்க. அது கொஞ்சம் பெருசா வந்துருச்சு."

டிரைவர் என்ஜினை அணைத்தார். முபஷிர் உட்கார்ந்தபடியே கேட்டான்.

"தப்பு என்னுது குமரா. தோண்டுனதும் நான், வரைஞ்சதும் நான். என்னை வேலைய விட்டு அனுப்பறதுன்னா அனுப்பட்டும். கைலாசண்ணன் நிக்கிற எடம் அது. அரைச்சியா, இல்லையா?"

குமரன் இந்தத் தடவை முதலாளியைப் பார்க்கவில்லை. கைலாசத்தைப் பார்த்தான். அவர் கூடையைக் கேபின் படியிலிருந்து இறக்கி மெதுவாகத் தரையில் வைத்தார்.

"மொதலாளி வந்து நின்னுட்டாருங்க பாய். அவசரத்துல மூஞ்சியத் தொடைச்சுட்டு, அவரு பாக்கப் பாக்க மேலயே பத்தவச்சுட்டேன்" என்றான் குமரன். "அரைக்கலைங்க."